நடுவில் உடைந்த பைலும் ஹாப்கின்சனும்

(மூன்றாம் ஆண்டு, சிவில்)



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, கவிதை எழுதலாம்னுதான் முதலில் நினைச்சேன். கவிதைக் கட்டு ஏற்கனவே கனமாயிடுச்சு, அதிலும் பாதி நிலாவைப் பற்றியது என்று அவரே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். சரி, ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கை வரலாறு எழுதுவோம் என்று முடிவு செய்தேன். விஸ்வேஸ்வரய்யா, எடிசன், மேரி கியூரி எல்லோரும் பழைய மலர்களில் வந்தாச்சு. நான் எடுத்துக்கொண்டவர் பெர்ட்ரம் ஹாப்கின்சன்.

எலெக்ட்ரிகல் நண்பர்கள் உடனே கை தூக்குவீர்கள். டி.சி. மெஷின் லேபில் இரண்டு மெஷின்களை முதுகோடு முதுகாக இணைத்துச் செய்யும் ஹாப்கின்சன் டெஸ்ட் தெரியாதா என்பீர்கள். அது அப்பா. நான் சொல்லப் போவது மகனை. மோதல், வெடி, திடீர் அடி இவற்றைச் சோதிக்கும் ஆய்வுக்கூடம் உலகத்தில் எங்கே இருந்தாலும் அங்கே ஹாப்கின்சன் பார் என்ற கருவியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், தெரியாதவர் கிடையாது. நம்ம சிலபஸில் அவர் இல்லை, அவ்வளவுதான்.

எனக்கு அவர் அறிமுகமானது ஒரு உடைந்த பைலால்.

இன்பிளான்ட் டிரெய்னிங்குக்காக நான் போயிருந்த சைட் கடலோரத்தில் இருந்தது. ஊர் பெயரும் கம்பெனி பெயரும் வேண்டாம். 16 மீட்டர் நீளம், 350 மி.மீ. சதுரம் உள்ள பிரிகாஸ்ட் பைல்களை சைட்டிலேயே வார்த்து, க்யூரிங் முடிந்ததும் டிராப் ஹேமரால் அடித்து இறக்கினார்கள். காங்கிரீட் எம் 40. எனக்குக் கொடுத்த வேலை க்யூப் ரெஜிஸ்டர் எழுதுவது. வார்ப்பு வேலை ஒரு மேஸ்திரியிடம் இருந்தது. ஐம்பது வயது இருக்கும். தன் ஊர் ஆட்கள் 8 பேரோடு வந்து சைட் ஓரத்திலேயே தகரக் கொட்டகை போட்டுத் தங்கியிருந்தார். என்னைத் தம்பி என்பார், நான் அண்ணே என்பேன். கலவையில் ஒரு சொம்புத் தண்ணீர் கூடுதலாக ஊற்ற விடமாட்டார். வைப்ரேட்டரை எப்போது வெளியே எடுக்கணும் என்று சத்தத்தை வைத்தே எனக்குச் சொல்லிக் கொடுத்தவர்.

அன்றைக்கு முதல் 2 மீட்டர் செங்கல் துண்டும் ஜல்லியும் கலந்த கெட்டி நிரப்பு மண். பைல் முரண்டு பிடித்தது, ஆனா ஒண்ணும் ஆகவில்லை. அதற்குக் கீழே களிமண் சேறு. வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்க ஆரம்பித்தது. எல்லோர் முகத்திலும் சிரிப்பு. ஹேமர் விழும் உயரத்தை யாரும் குறைக்கவில்லை. பைல் தலையில் வைக்கும் மரப் பேக்கிங் நசுங்கித் தேங்காய் நார் மாதிரி ஆகியிருந்தது, அதையும் யாரும் மாற்றவில்லை. பத்துப் பன்னிரண்டு அடி விழுந்திருக்கும். தரைக்கு மேலே நின்ற பைலின் நடுப்பாகத்திலிருந்து பீடிப் புகை மாதிரி தூசி கிளம்பியது. கிட்டப் போய்ப் பார்த்தால் நூல் பிடித்துக் கோடு போட்ட மாதிரி சுற்றிலும் குறுக்கு விரிசல். அடுத்த அடிக்கு அது திறந்து மூடியதைக் கண்ணால் பார்த்தேன்.

தலை நொறுங்கவில்லை. கெட்டி மண்ணில் உடையாதது சேற்றில் உடைந்தது. அடி விழுந்த இடம் உச்சி, உடைந்த இடம் இடுப்பு!

காங்கிரீட் சரியில்லை என்று முடிவு கட்டினார்கள். வேற காரணம் யாருக்கும் தோன்றவில்லை. அந்தப் பைலுக்கும் அதே மாதிரி விரிசல் விட்ட இன்னொரு பைலுக்கும் மேஸ்திரியின் பில்லில் பணம் பிடித்தார்கள். அவர் வாதாடிப் பார்த்தார். க்யூப் எல்லாம் பாஸ் ஆகியிருந்ததை என் கையாலேயே எழுதியிருந்தேன். ரெஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. டிரெய்னிங் சர்டிபிகேட்டில் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது ஒரு காரணம். க்யூப் பாஸ் ஆச்சுன்னா பைல் ஏன் உடைஞ்சதுன்னு திருப்பிக் கேட்டால் எனக்குப் பதில் தெரியாது என்பது இன்னொரு காரணம். நாலாம் நாள் காலையில் அவர் ஆட்களோடு பஸ் ஏறிவிட்டார்.

கல்லூரிக்குத் திரும்பியதும் எங்கள் விரிவுரையாளர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். பைல் நுனி எந்த மண்ணில் இருந்தது என்று மட்டும் கேட்டார். சேறு என்றேன். அப்படியானால் மேஸ்திரி மேல் தப்பு இல்லை, ஹாப்கின்சனைப் போய்ப் படி என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார். அதற்கப்புறம் தேடித் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அப்பாவிடமிருந்துதான் ஆரம்பிக்கணும். ஜான் ஹாப்கின்சன் 1849ல் மான்செஸ்டரில் பிறந்தவர். கணக்கில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் முதல் இடம் பெற்றவர். கலங்கரை விளக்கக் கண்ணாடிகள் செய்யும் தொழிற்சாலையில் பொறியாளராக வேலை பார்த்தார். மின் விநியோகத்தில் மூன்று கம்பி முறை அவர் கொண்டுவந்தது. அவ்வளவு வேலைக்கு நடுவில் 1872ல் ஒரு சின்னச் சோதனை செய்தார். நம்ம லேபில் கூடச் செய்யலாம், செலவே இல்லை. ஒரு இரும்புக் கம்பியை மேலே இறுகக் கட்டித் தொங்கவிட்டார். கம்பியின் கீழ் முனையில் ஒரு பிடிப்பு. நடுவில் துளையுள்ள எடைக்குண்டைக் கம்பியில் கோத்து மேலிருந்து விட்டார். குண்டு சர்ரென்று இறங்கிக் கீழ்ப் பிடிப்பில் மோதும்.

நாம் என்ன எதிர்பார்ப்போம்? எடை கூடினால் கம்பி அறும், அடிபட்ட கீழ் முனையில் அறும். இரண்டுமே அப்படி நடக்கவில்லை! கம்பி அறுவதா இல்லையா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்தது குண்டு விழுந்த உயரம், அதாவது மோதும் வேகம், எடை அல்ல. பல தடவை அறுந்த இடம் மேலே கட்டிய முனை. ஜான் அதற்குச் சொன்ன விளக்கம் இது. அடி ஒரே நேரத்தில் கம்பி முழுவதும் போய்ச் சேர்வதில்லை. அது ஒரு அலையாகக் கம்பியில் ஓடுகிறது. அலையில் உள்ள ஸ்ட்ரெஸ் மோதிய வேகத்தைப் பொறுத்தது. அசையாத முனையில் போய் முட்டியதும் அலை அப்படியே திரும்பி, வரும் அலையோடு சேர்ந்து அந்த இடத்தில் இரண்டு மடங்காகிறது. அதனால்தான் மேலே அறுகிறது.

இறுகப் பிடித்த முனையில் அடி இரட்டிப்பாகும் என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். பிடிப்பே இல்லாத முனையில் என்ன ஆகும்? அதுதான் மகன் எடுத்துக்கொண்ட பாதி.

பெர்ட்ரம் மூத்த மகன், 1874 ஜனவரி 11ல் பர்மிங்காமில் பிறந்தார். லண்டனில் பள்ளிப் படிப்பு, பிறகு அப்பா படித்த அதே டிரினிட்டி கல்லூரி. ஆனால் அவர் போனது வக்கீல் தொழிலுக்கு. 1897ல் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டார். அப்பா பொறியாளர்னா பையனும் பொறியாளர் ஆகணும்னு ஒண்ணும் இல்லையே. ஒரு சட்ட வேலையாக ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டுப் போய்க்கொண்டிருந்தார், வழியில் செய்தி வந்தது.

1898 ஆகஸ்ட் 27. குடும்பம் கோடை விடுமுறைக்கு சுவிட்சர்லாந்து போயிருந்தது. மலையேறுவதில் அந்த வீட்டுக்கே ஆசை அதிகம். ஆல்ப்ஸில் ஒரு சிகரத்தில் ஏறும்போது ஜான் ஹாப்கின்சனும், மகன் ஜாக்கும், மகள்கள் ஆலிஸ், லீனா இருவரும் விழுந்து இறந்தார்கள். ஒரே நாளில் நாலு பேர். அப்பாவுக்கு வயது 49.

பெர்ட்ரமுக்கு அப்போது 24. திரும்பி வந்தவர் கறுப்புக் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டார். அப்பா விட்டுப்போன பொறியியல் வேலைகளை எடுத்துக்கொண்டார். பொறியியலில் பட்டம் வாங்கியவர் இல்லை, கணக்குத் தெரியும், அவ்வளவே. சித்தப்பாவோடு சேர்ந்து இங்கிலாந்து நகரங்களில் மின்சார டிராம் பாதை போடும் வேலை பார்த்தார். சைட்டில் நின்று கற்றுக்கொண்டவர் என்பதால் எனக்கு அவரை இன்னும் கொஞ்சம் பிடிக்கும். ஐந்தே வருடத்தில், 1903ல், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவரை இயந்திரவியல் பேராசிரியராகத் தேர்ந்தெடுத்தது. வயது 29! அவர் பொறுப்பேற்ற இன்ஜினியரிங் ஆய்வுக்கூடத்தின் ஒரு பகுதி, இறந்துபோன ஜானுக்கும் ஜாக்குக்கும் நினைவாக அந்தக் குடும்பம் கொடுத்த பணத்தில் கட்டியது. தினமும் அதற்குள்ளே நடந்துதான் வேலைக்குப் போனார்.

அங்கே அவர் செய்த வேலைகளை எல்லாம் எழுதினால் மலர் முழுக்க நானே எழுத வேண்டியிருக்கும். மெக்கானிகல் நண்பர்களுக்காக இரண்டு மட்டும். ஓடுகிற என்ஜினின் சிலிண்டருக்குள் அழுத்தம் எப்படி ஏறி இறங்குகிறது என்பதை, சின்னக் கண்ணாடியில் பட்டுத் தெறிக்கும் ஒளிக்கதிரால் வரைந்து காட்டும் இண்டிகேட்டர் ஒன்றைச் செய்தார். என்ஜின் ஆராய்ச்சியில் பெரிய பெயர் எடுத்த ஹாரி ரிக்கார்டோ இவருடைய மாணவர். மற்றதை விட்டுவிட்டு அடிக்கு வருகிறேன்.

1905ல் அப்பாவின் கம்பிச் சோதனையை மகன் திரும்பச் செய்தார். இந்தத் தடவை மின்சாரத்தை வைத்து அந்தக் கண நேரத்துத் திரிபை அளந்தார். இரும்பும் செம்பும், மெதுவாக இழுத்தால் அறுந்துபோகும் அளவையும் தாண்டிய ஸ்ட்ரெஸைத் தாங்கின. ஆனால் வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் அல்லது அதற்கும் குறைவாக இருந்தால் மட்டுமே. ஒரு பொருளின் வலிமை என்று நாம் டேபிளில் பார்த்து எழுதும் எண், எவ்வளவு வேகமாக அதை அடிக்கிறோம் என்பதைப் பொறுத்து மாறும் என்று அர்த்தம். நாம் க்யூப் டெஸ்டில் லோடு ஏற்றுவது எப்படி? நிமிடத்துக்கு சதுர சென்டிமீட்டருக்கு 140 கிலோ என்று. எம் 40 க்யூப் உடைய மூன்று நிமிடம் ஆகும். மூன்று நிமிடத்தில் உடைவதும் கண்ணிமைக்கும் நேரத்தில் உடைவதும் ஒன்றா என்று நாம் யாரும் கேட்டதில்லை.

அடுத்து அவரைப் பிடித்துக்கொண்டது இன்னும் கஷ்டமான கேள்வி. ஒரு துப்பாக்கிக் குண்டு எஃகில் மோதும்போது, அல்லது வெடிமருந்து எஃகை ஒட்டி வெடிக்கும்போது, அழுத்தம் எவ்வளவு, எத்தனை நேரம் நீடிக்கிறது? இன்றைக்கு மின்னணுக் கருவிகள் இருக்கு. அவர் காலத்தில் அவ்வளவு குறைந்த நேரத்தை அளக்கக் கருவியே கிடையாது. 1912ல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் அடியின் அழுத்தம் பற்றி உரையாற்றினார். 1914ல் ராயல் சொசைட்டியின் இதழில் அந்தக் கட்டுரை வந்தது. அவர் கண்டுபிடித்த வழியைப் புரிந்துகொள்ள ஹாஸ்டல் கேரம் போர்டு போதும்.

ஐந்து காய்களை ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் வரிசையாக வையுங்கள். ஸ்ட்ரைக்கரால் முதல் காயைச் சுண்டுங்கள். என்ன ஆகும்? நடுக் காய்கள் அநேகமாக அசையாது. கடைசிக் காய் மட்டும் பறக்கும். அடி காய்களுக்குள்ளே அமுக்கமாக ஓடிக் கடைசிக் காய்க்குப் போகிறது. அதற்கு முன்னால் தடுக்க ஒன்றுமில்லை. ஆகவே அது கிளம்பிவிடுகிறது. இப்போது காய்களைப் பசை வைத்து ஒட்டிவிட்டுச் சுண்டினால்? கடைசிக் காய் கிளம்பப் பார்க்கும், பசை பிடித்து இழுக்கும். அதாவது அமுக்கமாகப் போன அடி, பிடிப்பில்லாத முனையில் பட்டு, இழுவிசையாகத் திரும்புகிறது. கம்ப்ரஷன் போய் டென்ஷன் வருது. பசை பலமாக இருந்தால் தாங்கும், இல்லேன்னா பிய்த்துக்கொள்ளும்.

ஹாப்கின்சன் ஒரு எஃகு உருளைக் கம்பியை நூலில் கட்டிப் படுக்கைவாட்டில் தொங்கவிட்டார். அதன் ஒரு முனையில் குண்டடி, அல்லது வெடி. மறுமுனையில் அதே தடிமன் உள்ள சின்னத் துண்டு ஒன்றை, முகத்தோடு முகம் வழவழப்பாகத் தேய்த்து, காந்த ஈர்ப்பால் மட்டும் ஒட்டிக்கொள்ள வைத்தார். அமுக்க அலை அந்த மூட்டைத் தாண்டிப் போகும், தடை இல்லை. துண்டின் கடைசி முகத்தில் பட்டு இழுவிசையாகத் திரும்பி மூட்டுக்கு வரும்போது அந்தப் பலவீனமான மூட்டு தாங்காது. துண்டு பறந்துவிடும், தனக்குள் மாட்டிக்கொண்ட உந்தத்தையும் எடுத்துக்கொண்டு. அதைப் பிடித்து ஊசலில் அளந்தால் எவ்வளவு உந்தம் என்று தெரியும். துண்டின் நீளத்தை மாற்றி மாற்றிச் செய்தால், அடியின் எந்தப் பகுதியில் எவ்வளவு இருந்தது என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியவரும். எஃகில் அலை வினாடிக்கு சுமார் 5 கிலோமீட்டர் ஓடுகிறது. ஆக அவர் நேரத்தைக் கடிகாரத்தால் அளக்கவில்லை, எஃகுத் துண்டின் நீளத்தால் அளந்தார்! இதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரலீங்க.

அதே ஆராய்ச்சியின் பக்கத்தில் இன்னொன்று. எஃகுத் தகட்டின் மேல் கன்காட்டன் என்ற வெடிமருந்தை வைத்து வெடித்தால், வெடித்த பக்கத்தை விடப் பின்பக்கம்தான் வேடிக்கை. பின்முகத்திலிருந்து ஒரு வட்டத் துண்டு பிய்ந்து பறக்கும். காரணம் அதே திரும்பி வரும் இழுவிசைதான். எஃகுக்கே இந்தக் கதி என்றால் காங்கிரீட்டைச் சொல்லவே வேண்டாம். காங்கிரீட்டுக்கு டென்ஷன் ஆகாது என்று முதல் வருடமே நமக்குச் சொல்லிவிட்டார்கள். (பரீட்சை நேரத்தில் நமக்கும்தான் ஆகாது!) சுவருக்கு முன்னால் வெடி, சுவர் முன்பக்கம் கீறலோடு நிற்கிறது, பின்னால் ஒளிந்து நின்றவன் மேல் காங்கிரீட் சில்லுகள் பாய்கின்றன. ராணுவப் பதுங்கு அறைகளில் உள்பக்கம் எஃகுத் தகடு பதிப்பது இதற்காகத்தான்.

1914ல் முதல் உலகப் போர் வந்தது. ஹாப்கின்சன் ராணுவப் பொறியாளர் படையில் சேர்ந்தார். 1915ல் அவர் சொன்ன ஒரு விதி இன்றும் வெடி தாங்கும் கட்டடக் கணக்கின் அரிச்சுவடி. 1 கிலோ வெடிமருந்து 1 மீட்டரில் தரும் அழுத்தத்தை, 8 கிலோ 2 மீட்டரில் தரும். தூரம் வெடிமருந்து எடையின் கனமூலத்தில் போகும். சின்ன மாடலில் சோதித்துப் பெரிய கட்டடத்துக்குக் கணக்குப் போடலாம் என்பது இதிலிருந்து வந்தது. பிறகு அவரை விமானப் பிரிவு எடுத்துக்கொண்டது. ஆர்ஃபோர்ட்நெஸ், மார்ட்டில்ஷம் ஹீத் என்ற இடங்களில் இருந்த சோதனை நிலையங்களில் குண்டுகள், குறிபார்க்கும் கருவிகள், மேகத்துக்குள்ளும் இரவிலும் பறக்கும் முறை எல்லாம் அவர் கண்காணிப்பில் ஆராயப்பட்டன. வீட்டில் மனைவியும் ஏழு பெண் குழந்தைகளும். நாற்பது வயதுக்கு மேல் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார். பேராசிரியர் தரையில் நின்று கணக்குப் போட்டால் போதாதா என்று நமக்குத் தோன்றும். பைலட்டுகளை எதற்குள் அனுப்புகிறோம் என்பதைத் தானே பார்க்காமல் அவர் எழுதித் தரவில்லை.

1918 ஆகஸ்ட் 26. மோசமான வானிலையில் பிரிஸ்டல் ஃபைட்டர் விமானத்தைத் தனியாக ஓட்டிக்கொண்டு லண்டனை நோக்கி வந்தவர் விழுந்து இறந்தார். வயது 44. அப்பாவும் தம்பி தங்கைகளும் இறந்து 20 வருடம் ஆக ஒரே ஒரு நாள் பாக்கி. போர் முடிய இன்னும் 11 வாரம்தான் இருந்தது. கேம்பிரிட்ஜில் அடக்கம் செய்தார்கள்.

அவர் விட்டுப்போன கம்பியை 30 வருடம் கழித்துத்தான் மற்றவர்கள் முழுமையாகக் கையில் எடுத்தார்கள். 1948ல் டேவிஸ் என்பவர் அதன் அசைவை மின்முறையில் தொடர்ச்சியாகப் பதிவு செய்து காட்டினார். 1949ல் கோல்ஸ்கி கம்பியை இரண்டாக வெட்டி, நடுவில் சோதிக்க வேண்டிய பொருளை சாண்ட்விச் மாதிரி வைத்தார். இந்த இரட்டைக் கம்பியில்தான் இன்றைக்குக் காங்கிரீட்டையும் அடித்துப் பார்க்கிறார்கள். ஜல்லி இருக்கிறதால் கம்பி தடிமனாக வேணும், அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி நம்ம சப்ஜெக்டுக்கு வருவோம். அப்படி அடித்துப் பார்த்ததில் தெரிந்தவை சுவாரசியமானவை. சாதா டெஸ்டில் திரிபு ஏறும் வேகம் வினாடிக்கு லட்சத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும். ஹாப்கின்சன் பாரில் அது வினாடிக்கு 100 வரை போகும். அந்த வேகத்தில் காங்கிரீட்டின் அமுக்க வலிமை ஏறக்குறைய இரண்டு மடங்கு வரை காட்டும். இழுவிசை வலிமை அதைவிட அதிக மடங்கு கூடும். மெதுவாகப் போனால் விரிசல் ஜல்லியைச் சுற்றிக்கொண்டு, சிமென்ட்டும் கல்லும் ஒட்டியிருக்கும் பலவீனமான ஓரமாகப் பார்த்துப் போகும். வேகமாகப் போகும்போது வழி தேட நேரமில்லை, கல்லையே வெட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கும். அதற்குக் கூடுதல் பலம் வேண்டும். ஆனால் காட்டும் உயர்வு எல்லாம் நிஜ வலிமை என்று நம்பிவிடக் கூடாது. பக்கவாட்டில் விரிய முயலும் காங்கிரீட்டை அதன் சொந்த நிறையே பிடித்துக்கொள்வதும் அதில் ஒரு பங்கு.

இப்போது உயர் வலிமைக் காங்கிரீட். எம் 40ஐ எம் 100 ஆக்கிவிட்டால் அடியை இரண்டரை மடங்கு தாங்கும்னு நானும் நினைச்சேன். தாங்காது. முதல் காரணம், அதில் சிமென்ட் பகுதியே கல்லுக்குச் சமமாக இறுகிவிடுவதால், மெதுவாக உடைத்தாலும் விரிசல் கல்லை வெட்டிக்கொண்டுதான் போகிறது. வேகத்தால் கிடைக்கும் கூடுதல் லாபம் அதில் குறைவு. இரண்டாவது, நம்ம ஐ.எஸ். 456 சூத்திரம், எஃப்.சி.கே.யின் வர்க்கமூலத்தை 0.7 ஆல் பெருக்குவது. எம் 40க்கு வளைவு இழுவிசை 4.4 நியூட்டன். அதே கணக்கை எம் 100க்கு நீட்டினால் 7. அமுக்கம் 2.5 மடங்கு கூடியது, இழுவிசை 1.6 மடங்குதான். மூன்றாவது, வலிமை கூடக் கூட அது கண்ணாடி மாதிரி சட்டென்று உடையும் குணத்துக்குப் போகிறது. திரும்பி வரும் அலைக்கு முன்னால் இதுதான் முக்கியம். எஃகு இழைகளைக் கலவையில் சேர்ப்பது விரிசலைத் தைத்துப் பிடித்துக்கொள்வதற்கு. அது இல்லாமல் க்யூப் எண்ணை மட்டும் ஏற்றிக்கொண்டே போவதில் அடிக்குப் பெரிய பிரயோஜனம் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

கடைசியாக அந்தப் பைல். காங்கிரீட்டில் அலையின் வேகம் வினாடிக்கு சுமார் 4,000 மீட்டர். 16 மீட்டர் பைலில் உச்சியிலிருந்து நுனிக்குப் போக 0.004 வினாடி, திரும்பி வர இன்னொரு 0.004. ஸ்ட்ரெஸ் எவ்வளவு? அடர்த்தி, அலை வேகம், பைல் தலை அசையும் வேகம் மூன்றையும் பெருக்கினால் போதும். 2,400 தடவை 4,000 தடவை, தலை வினாடிக்கு 2 மீட்டர் அசைந்ததாக வைத்தால், சதுர மி.மீட்டருக்கு 19.2 நியூட்டன். எம் 40க்கு இது தூசு. நுனி பாறையில் நின்றிருந்தால் அப்பா ஜானின் கம்பி மாதிரி அடி அங்கே இரட்டிப்பாகும்; நுனி நொறுங்கும் பயம் உண்டு, நடு உடையாது. சேற்றில் நின்றதால் மகன் பெர்ட்ரமின் துண்டு மாதிரி இழுவிசையாகத் திரும்பியது. 19.2ல் கால்வாசி திரும்பினாலே 4.8. தாங்கும் அளவு 4.4. வேகத்தால் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு அடியா இரண்டு அடியா, ஒன்றன்பின் ஒன்றாக விழுந்துகொண்டே இருந்ததே.

நுனியில் உடையாமல் ஏன் நடுவில்? நுனிக்குப் பக்கத்தில் திரும்பும் இழுவிசையும், இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும் அமுக்க அலையின் வாலும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். நடுவுக்கு வரும்போது வால் கடந்துபோயிருக்கும், இழுவிசை தனியாக நிற்கும். பேக்கிங் தடிமனாக, புதிதாக இருந்திருந்தால் அடி நீண்டு, மெத்தென்று இருந்திருக்கும். வாலும் நீளமாக இருந்து இழுவிசையை விழுங்கியிருக்கும். பேக்கிங் தேங்காய் நார் ஆனதால் அடி குட்டையாகவும் கூர்மையாகவும் போய்விட்டது. சேறு வந்ததும் ஹேமர் உயரத்தைக் குறை, பேக்கிங்கை மாற்று. பைல் அடிக்கும் புத்தகங்களில் இந்த இரண்டு வரியும் இருக்கத்தான் செய்கிறது. காங்கிரீட்டில் கைவைக்க வேண்டிய அவசியமே இல்லை.

இதை எல்லாம் எழுதி, கணக்கோடு அந்த கம்பெனிக்கு ஒரு கடிதம் போட்டேன். பதில் வரவில்லை. மேஸ்திரியின் முகவரி என்னிடம் இல்லை. எந்த பஸ்ஸில் ஏறினார் என்பது மட்டும் தெரியும். ரெஜிஸ்டரில் அந்தப் பைலின் 28 நாள் க்யூப்கள் மூன்றையும் என் டைரியில் எழுதி வைத்திருக்கிறேன்: 46.2, 44.8, 47.1.